சிக்னலில் சைக்கிள்: இடது ஓரம்தான் ஆபத்து

'ஓரமா போ' என்று சொல்லித்தான் நமக்கெல்லாம் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். நீண்ட சாலையில் அது சரி. சிக்னலில் அந்தப் பழக்கமே வினையாகிவிடும்.

சிவப்பு விழுந்து வண்டிகள் நிற்கும்போது, பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். அதில் புகுந்து முன்னே போய்விடுவது நமக்குக் கைவந்த கலை. நானும் போயிருக்கிறேன். ஒருநாள் பாதி தூரத்தில் பச்சை விழுந்துவிட்டது. பேருந்து இடப்பக்கம் திரும்பியது. முன்பகுதி தாராளமாக விலகித்தான் போனது. பின்சக்கரம்தான் என்னை நோக்கி நெருங்கி நெருங்கி வந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு நடைபாதையில் தாவினேன். ஹேண்டில் பார் வளைந்ததோடு போயிற்று.

நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். போதாக்குறைக்கு ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம். இடப்பக்கத்தில் வண்டியை ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் கண்ணில் படுவது கஷ்டம். லண்டனில் இதற்காகவே 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து வெளியே எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். 2021 மார்ச் முதல் அது கட்டாயம். இங்கே நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பேருந்தோ லாரியோ நின்றால் அதன் பின்னாலேயே நில்லுங்கள். பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை.

அப்புறம் இந்த 'ஃப்ரீ லெஃப்ட்', அதாவது சிவப்பு விழுந்தாலும் இடப்பக்கம் திரும்புகிறவர்கள் நிற்காமல் போகலாம் என்று விட்டிருக்கும் பாதை. சென்னையில் பல சிக்னல்களில் உண்டு. நேராகப் போக வேண்டியவர் அந்தப் பாதையில் நின்றால், பின்னாலிருந்து ஹார்ன் காதைக் கிழிக்கும். பச்சை விழுந்து நீங்கள் கிளம்பினால் உங்கள் முன்சக்கரத்துக்குக் குறுக்கே ஒரு ஆட்டோ திரும்பும். நேராகப் போவதென்றால் ஃப்ரீ லெஃப்ட் பாதைக்கு வலப்பக்கம், ஸ்டாப் லைனுக்குப் பின்னால் நிற்பதே சரி. கூச்சப்பட வேண்டியதில்லை, அது உங்கள் இடம்.

பச்சை முடியப்போகிறது என்று டைமரில் 3, 2 ஓடும்போது எழுந்து நின்று மிதிப்பது இன்னொரு தவறு. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் சைக்கிள் நொடிக்கு 4 மீட்டர் சொச்சம்தான் போகும். 30 மீட்டர் அகலச் சந்திப்பைத் தாண்ட 7 நொடிக்கு மேல் ஆகும். குறுக்குச் சாலையில் நிற்கும் பைக்குகளோ தங்கள் டைமர் முடியும் முன்பே கிளம்பிவிடும். நடுவில் மாட்டுவது நீங்கள்தான்.

வலப்பக்கம் திரும்ப, நாலு வரிசை வண்டிகளைக் கிழித்துக்கொண்டு சாலை நடுவுக்குப் போகாதீர்கள். நேராகக் கடந்து எதிர்ப்பக்கம் ஓரமாக நின்று, சைக்கிளைத் திருப்பி, அந்தப் பக்கத்துப் பச்சைக்குக் காத்திருங்கள். ஒரு சிக்னல் நேரம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். வலது ஓரமாக வண்டி ஓட்டும் டென்மார்க்கில், இடப்பக்கம் திரும்பும் சைக்கிள்காரர்கள் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அவசரம் என்றால் இறங்கி, ஆட்கள் கடக்கும்போது ஸீப்ரா கோட்டில் தள்ளிக்கொண்டு போகலாம்.

இரவில் பின்பக்க ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் அது இருக்கும். கேரியரில் தொங்கும் காய்கறிப் பைதான் அதை மறைத்துக்கொண்டிருக்கும்.