மாடல் இன்ஜின் செய்கிறீர்களா? மேலிருந்து பாருங்கள்

மின்சார ரயில் இன்ஜின் மாடல் செய்கிறவர்கள் பக்கவாட்டுப் படத்தை வைத்தே வேலையை முடித்துவிடுகிறோம். ஆனால் மேசையில் வைத்த பிறகு கண்ணுக்கு முதலில் படுவது கூரைதான். சேலம் ஜங்ஷனுக்குப் போனால் பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு நடைமேம்பாலத்தில் ஏறி நின்று, கீழே நிற்கும் டபிள்யூஏபி-7 இன்ஜினின் பாண்டோகிராப் (மேலே போகும் கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் மடக்குக் கை) எப்படி மடங்கியிருக்கிறது, பீங்கான் இன்சுலேட்டர்கள் எங்கெங்கே இருக்கின்றன, தூசியும் கறையும் எந்தப் பக்கம் அதிகம் என்று நிதானமாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். செல்ஃபி குச்சியை மட்டும் நீட்டிவிடாதீர்கள், கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட்.

அப்புறம், பலர் அழகுக்காக இரண்டு பாண்டோகிராப்பையும் தூக்கி வைக்கிறார்கள். நம் ஊரில் ஓடும்போது வழக்கமாகப் பின்பக்கத்தில் உள்ளது மட்டும்தான் மேலே இருக்கும்.

அளவு விஷயத்தில் ஒரு சிக்கல். எச்ஓ (HO) என்ற மாடல் அளவு என்றால் 1:87, அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு. நம் அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1676 மி.மீ., 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வரும். கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளமோ 16.5 மி.மீ. அதில் வைத்தால் இன்ஜின் ஒல்லிக்கால் ஆள் மாதிரி தெரியும். ஓட்டாமல் அலமாரியில் வைக்கத்தான் என்றால் 19 மி.மீ.க்கே பாதை போட்டுவிடுங்கள்.