வித்தியாசம் கிடைத்ததும் விதியை எழுதிவிடாதீர்கள்

டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை, மாலையானால் டியூஷன் மேசை. எண் வரிசைகள் கிரேடு 10-இல் ஆரம்பித்து மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) வரை பிள்ளைகளை விடுவதில்லை. மெட்ரிக் கணித முதல் தாளில் 150-க்கு ஏறக்குறைய 25 மதிப்பெண் இதற்குத்தான். அவர்கள் படிப்பது ஆங்கிலத்தில். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் அம்மா, பாட்டிகளுக்காக இதைத் தமிழில் எழுதுகிறேன். எத்தனையாவது இடம் என்பதை ‘ந’ என்று வைத்துக்கொள்வோம்.

தீபாவளி சமயத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அகல் விளக்கை வைத்தே ஒரு கணக்குக் கொடுத்தேன். வரிசைக்கு வரிசை 5, 8, 11, 14 விளக்குகள்; ந-ஆவது வரிசையில் எத்தனை என்று சொல்லும் விதி என்ன? “மூணு மூணா கூடுது, ஆன்ட்டி” என்றவள், ந + 3 என்று எழுதினாள். ந-வுக்கு 1 போட்டால் 4 வருகிறது. அழித்துவிட்டு 3ந + 5 என்றாள். இப்போது 8 வருகிறது. அது இரண்டாவது வரிசை! முதல் வரிசையின் 5-ஐ அப்படியே தூக்கி வைத்ததுதான் கோளாறு. 3ந என்று எழுதும்போதே முதல் வரிசைக்கு ஒரு 3 போய்விடுகிறது. அதனால் முதல் வரிசைக்கும் முன்னால் ஒரு வரிசை இருந்தால் அதில் எத்தனை என்று கேளுங்கள்: 5 − 3 = 2. ஆக, 3ந + 2.

இறங்கும் வரிசையில் வேறு மாதிரி ஏமாறுவார்கள். 20, 16, 12-க்கு 4ந + 16 என்று எழுதி, 1 போட்டுப் பார்த்து, 20 வந்ததும் சந்தோஷமாகப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். 2 போட்டால் 24! சரியான விதி 24 − 4ந. முதல் உறுப்பு மட்டும் ஒத்துப்போவது ஒரு சோதனையே இல்லை; மூன்றாவதையாவது போட்டுப் பாருங்கள்.

கிரேடு 11-இல், விதியில் ந² வரும் இருபடி வரிசை வரும். 4, 9, 18, 31 என்றால் வித்தியாசம் 5, 9, 13. அதன் வித்தியாசம் 4, 4. உடனே 4ந² என்று எழுதுவார்கள். அந்த 4-ஐப் பாதியாக்க வேண்டும்: 2ந². அது தருவது 2, 8, 18, 32. இவற்றை மூல வரிசையிலிருந்து கழித்தால் மிச்சம் 2, 1, 0, −1, அதாவது 3 − ந. விதி 2ந² − ந + 3. இதில் 2ந² என்பதை (2ந)² என்று கால்குலேட்டரில் தட்டுகிறவர்களும் உண்டு.

“5, 8, 11, 14 வரிசையில் 100 வருமா?” என்ற கேள்விக்கு ந = 32.67 என்று விடை எழுதி அடிக்கோடு போட்டவனும் உண்டு. ந முழு எண்ணாக வராவிட்டால், 100 அந்த வரிசையில் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம், நாலு எண்ணைப் பார்த்து விதியை ஊகிக்கும் அவசரம். ஒரு வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோட்டால் இணையுங்கள். உள்ளே எந்த மூன்று கோடும் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது. ஒரு புள்ளியில் ஆரம்பித்தால் வட்டம் பிரியும் துண்டுகள் 1, 2, 4, 8, 16. அடுத்தது 32 என்று அந்தப் பெண் சத்தியம் செய்யாத குறை. ஆறு புள்ளி வைத்து வரைந்தாள். 31 துண்டுதான் வந்தது. காணாமல் போன துண்டைத் தேடி மூன்று தடவை எண்ணினாள், பாவம்.