திரும்பிப் போனவர்களையும் கொப்பியில் எழுதுங்கள்: உலர் உணவுப் பொதிக் கணக்கு

கிளிநொச்சிப் பக்கம் மூன்று ஊர்களுக்கு எங்கள் சனசமூக நிலையத்தால் உலர் உணவு கொடுக்கிறோம். சாமான் சேர்ப்பதும் பொதி கட்டுவதும் உங்களுக்கே தெரியும். எவ்வளவு தேவைப்படும், வந்ததை எப்படிப் பிரிப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. கொப்பி. ஆளுக்கொரு செயலி சொல்வார்கள், கேட்காதீர்கள். சி.ஆர். கொப்பியில் எழுதி, இரவில் கூகுள் ஷீட்ஸில் ஏற்றினால் போதும்.

2. மதிப்பீடு. நான் வழுக்கியது இங்கேதான். முதல் வருட மார்கழியில் 40 பொதி கொடுத்ததாகக் கொப்பி சொன்னது. அடுத்த மார்கழிக்கும் 40 கட்டினோம். வரிசை பாதியில் நிற்கப் பொதி முடிந்துவிட்டது. அந்த 40, கையில் இருந்த பொதியின் கணக்கு. தேவையின் கணக்கு அல்ல. வெறுங்கையோடு திரும்பியவர்களை யாரும் எழுதவில்லை. இந்த முறை எண்ணினேன்: 23 குடும்பம். ஆக, தேவை 63. 'இல்லாமல் திரும்பியவர்' என்று ஒரு நிரலை இன்றைக்கே கீறுங்கள்.

கடைசி மூன்று மாதச் சராசரியும் வன்னிக்குச் சரிவராது. மாசி, பங்குனியில் காலபோக (மாரி மழையில் விளையும்) நெல் வீட்டுக்கு வரும். ஐப்பசியிலிருந்து மழை, கூலி வேலை இல்லை, முல்லைத்தீவுக் கரையில் கடலுக்குப் போவதும் குறையும். ஆகவே போன வருடங்களின் அதே மாதத்தைப் பாருங்கள். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்ததே, அப்படியான மாதத்தைச் சராசரியில் சேர்க்க வேண்டாம்.

வரவுக்கு, வெளிநாட்டு உறவுகள் காசு அனுப்பும் பிறந்தநாள், திவசத் திகதிகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மாசியில் தருபவரிடம் பாதியை ஐப்பசிக்குத் தள்ளச் சொல்லலாம். நான் கேட்ட யாரும் மறுக்கவில்லை.

3. பிரிப்பு. ஊர்களின் தேவை 80, 120, 100 கிலோ அரிசி. கையில் 150 தான் என்றால் எல்லாருக்கும் பாதி: 40, 60, 50. வாகனம் புறப்படுமுன் பிரித்துவிடுங்கள். வாய்க்கால் தலைப்பில் மறித்தால் கடைசி வயல் காயும், தெரியும்தானே.

என்ன வேண்டும் என்றும் கேளுங்கள். அமெரிக்காவின் உணவு வங்கிகளுக்குச் சாமான் பிரித்துக் கொடுக்கும் ஃபீடிங் அமெரிக்கா என்ற அமைப்பு, உருளைக்கிழங்கு விளையும் ஐடஹோவுக்கே உருளைக்கிழங்கு அனுப்பிய கதை பிரபலம். 2005 முதல் அந்த வங்கிகளுக்குப் புள்ளிகள் கொடுத்து, வேண்டியதை ஏலத்தில் எடுக்க விட்டார்கள். நமக்கு ஏலம் வேண்டாம், ஒரு தொலைபேசி அழைப்பு போதும். நெல் ஊர்க்காரர் பருப்பும் எண்ணெயும்தான் கேட்டார்கள்.

பின்சேர்க்கை: பொதியை வீட்டில் எத்தனை பேர் என்ற தலைக்கணக்கில் பிரித்தால் தனியே இருக்கும் அம்மம்மாவுக்கு என்ன மிஞ்சும் என்று ஓர் அக்கா கேட்டார். நியாயம்தான். இப்போது அரிசி, பருப்பு, மா தலைக்கணக்கில். எண்ணெய், தேயிலை, சவர்க்காரம் வீட்டுக்கு ஒன்று.