பழைய கல்யாணப் பத்திரிகைக்கு பிரேம் போடும் முன்

அத்தை மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு, 1983இல் அச்சடித்த அவர்களுடைய கல்யாணப் பத்திரிகையையே பிரேம் போட்டுக் கொடுக்க நினைத்தேன். பீரோவில் ஜாதகக் கட்டுக்கு அடியில் ஒரே ஒரு பிரதி இருந்தது. ருதிரோத்காரி வருடம், ஆவணி மாதம் என்று தொடங்கும் மஞ்சள் அட்டை. நாலு மூலையிலும் தாத்தா தடவிய மஞ்சள் அப்படியே இருந்தது. கடைக்காரர், "லேமினேட் பண்ணிட்டா நூறு வருஷத்துக்கு அசையாது" என்றார். நானும் சரி என்றேன்.

நான் செய்ததிலேயே பெரிய தவறு அதுதான். ஈய எழுத்தைக் கோத்து அழுத்தி அச்சடித்த பத்திரிகைகளில் ஒவ்வொரு எழுத்தும் தாளில் லேசாகக் குழிந்திருக்கும். விரலை வைத்தால் தட்டுப்படும். இப்போது அத்தை தடவிப் பார்த்தால் பிளாஸ்டிக்தான் தட்டுப்படுகிறது. லேமினேஷன் படலத்தின் பசை சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிவிடும், பிரிக்கப் போனால் தாளும் கிழியும். அதனால் எந்த வேலைக்கும் முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பிடிக்காவிட்டால் இதைத் திரும்ப எடுக்க முடியுமா? முடியாதென்றால் வேண்டாம். முதல் வேலையாக 600 டிபிஐ அளவில் ஸ்கேன் எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது மஞ்சள். பிரேம் கடையில் வழக்கமாக மவுண்ட் அட்டையின் (கண்ணாடிக்கு அடியில், பத்திரிகையைச் சுற்றி ஓரமாக வரும் கனமான அட்டை) நடுவில் வெட்டும் ஜன்னலைப் பத்திரிகையைவிடச் சில மில்லிமீட்டர் சிறிதாக வெட்டுவார்கள். நாலு ஓரமும் அதற்கு அடியில் போய்விடும், மஞ்சள் தடவிய மூலைகளும் கூடவே மறையும். சிலர் அதைக் கறை என்று நினைத்து ஓரத்தையே நறுக்கிவிடுகிறார்கள். பத்திரிகையில் கையால் வைத்த ஒரே அடையாளம் அதுதானே! ஜன்னலைப் பெரிதாக வெட்டி, பத்திரிகை முழுவதும் தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள்.

அந்த மஞ்சளுக்கு வெயில் ஆகாது. வேட்டியில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் காயப்போட்டால் வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள், சுவரிலும் அதேதான் நடக்கும். ஒரே பிரதிதான் இருக்கிறது என்றால், நல்ல தாளில் எடுத்த பிரிண்ட்டைச் சுவரில் மாட்டிவிட்டு அசலைக் கவரில் போட்டு வைப்பதே நல்லது என்பது என் கருத்து. அசலையே மாட்ட ஆசைப்பட்டால் ஜன்னல் வெளிச்சம் நேராகப் படாத இடம் பாருங்கள்.

ஒட்டுவதில்தான் கடைக்காரர்கள் அவசரப்படுவார்கள். செல்லோ டேப் சில வருடங்களில் பழுப்பேறி, தாளில் கறையை விட்டுவிட்டு உதிரும். ஃபெவிகால் தடவி முழுசாக ஒட்டினால் தாள் சுருங்கும், பிறகு எடுக்கவும் வராது. ஆல்பத்துக்கு வாங்கும் காகித மூலைகள் பாதுகாப்பானவைதான், ஆனால் மஞ்சளை மறைத்துவிடும். ஒளி ஊடுருவும் பாலியஸ்டர் மூலைகள் கிடைத்தால் அவற்றைப் போடலாம். பின்னால் வைக்கும் அட்டையையும் கேட்டு வாங்குங்கள். மலிவான பழுப்பு அட்டையில் உள்ள அமிலம் மெல்ல ஏறிப் பத்திரிகையைப் பழுப்பாக்கும். "ஆசிட் ஃப்ரீ போர்டு" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

கண்ணாடி பத்திரிகையைத் தொடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், வழவழப்பான அட்டைக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். நடுவில் மவுண்ட் அட்டையின் கனமாவது இருக்கட்டும். உடையாது என்று அக்ரிலிக் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணியால் துடைத்தால் அதில் நிலைமின்சாரம் ஏறும், மூலையில் மஞ்சளோடு குங்குமமும் வைத்திருந்தால் அந்தப் பொடி எழும்பி அதில் போய் ஒட்டிக்கொள்ளும். குங்குமம் வைத்த பத்திரிகைக்குக் கண்ணாடிதான் சரி.

அப்புறம், அட்டைப்படத்தை மட்டும் பிரேம் போடுவது. முன்பக்கம் பிள்ளையாரும் குத்துவிளக்கும் பல பத்திரிகைகளிலும் உண்டு. தாத்தா பாட்டி பெயர், ஊர்ப் பெயர், முகூர்த்த நேரம், "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று வரிசையாக வரும் சித்தப்பா, பெரியப்பாக்கள் எல்லாம் உள்ளேதான். மடிப்பைக் கிழிக்காமல் விரித்து வையுங்கள். முகவரியைத் தாத்தா கையால் எழுதிய உறை கிடைத்தால், அதே மவுண்டில் இன்னொரு ஜன்னல் வெட்டி அதையும் சேர்த்துவிடுங்கள். அரங்கேற்ற அழைப்பிதழுக்கும் இதே முறைதான்.

அழகுக்காக அட்சதையும் கல்யாண மாலைப் பூவும் உள்ளே வைப்பதைத் தயவுசெய்து தவிருங்கள். அரிசியில் வண்டு வரும், சரியாகக் காயாத பூ பூஞ்சையைக் கொண்டுவரும். அந்தப் பூஞ்சை தாளுக்கும் தாவும்.

பஸ்ஸில் எடுத்துப் போவதானால் கண்ணாடியின் மேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிக்கொள்ளுங்கள். உடைந்தாலும் சில்லு உள்ளே விழாது. கொடுக்கும்போதே, மழைநீர் ஊறும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்பக்கம் சின்னக் கார்க் துண்டு ஒட்டிக் கொடுத்தால் சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்று ஓடும்.