லேத்தை இடம் மாற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க வடசென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் பட்டறைத் தரையை உயர்த்துவார்கள். இடம் போதாமல் மாதவரத்துக்கோ மணலிக்கோ மாறுகிறவர்களும் உண்டு. எப்படியானாலும் லேத்தை, அதாவது இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷினை, தூக்கியாக வேண்டும். பல வருஷம் ஓடியும் வராத பழுது அந்த ஒரே நாளில் வந்துவிடும். பிடிக்கக்கூடாத இடத்தில் பிடிப்பதால்தான் பெரும்பாலும் இது நடக்கிறது.

எங்கள் பட்டறையில் கிரேன்காரர் மெஷினின் நீளமான அடிப்பாகமான பெட்டைச் சுற்றி, தூக்கும் பெல்ட் போட்டார். முன்பக்கம் லீட் ஸ்க்ரூ, அதாவது மரை வெட்ட உதவும் நீளத் திருகுத்தண்டு, ஓடுவதை நானும் கவனிக்கவில்லை. மெஷின் மேலே ஏறியதும் பெல்ட் இறுகி அதை உள்ளே அழுத்திவிட்டது. இறக்கிப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மரை வெட்டும்போதுதான், வெட்டும் உளியைச் சுமந்து பெட் மேல் நகரும் சேடில் ஓரிடத்தில் லேசாகவும், ஒரு சாண் தள்ளி இறுக்கமாகவும் ஓடியது. மனசு விட்டுப்போனது.

பெட்டின் ஓரத்தில் மரக்கட்டை கொடுத்து, பெல்ட் எந்த ராடையும் தொடாமல் விலக்கி நிறுத்துங்கள். வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கிலோ, அதைச் சுழற்றும் ஸ்பிண்டிலிலோ கட்டவே வேண்டாம். பெல்ட் குட்டையாகவும் இருக்கக்கூடாது. கொக்கியிலிருந்து இறங்கும் பெல்ட்டின் இரண்டு காலும் தரைக்கு 30 டிகிரி சாய்வுக்குப் படுத்துவிட்டால், ஒவ்வொரு காலும் முழு எடைக்குச் சமமான இழுப்பைத் தாங்க வேண்டிவரும்.

ஸ்பிண்டில் இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம். கொக்கியை நடுவில் போட்டால் அந்தப் பக்கம் குத்திக்கொண்டு சாயும். சேடிலையும், வேலைப்பொருளின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கையும் மறுகோடிக்குத் தள்ளிப் பூட்டுங்கள். அப்புறம் நாலு விரற்கடை மட்டும் தூக்கிப் பாருங்கள். சாய்ந்தால் இறக்கி, கொக்கியை நகர்த்தி மறுபடி தூக்குங்கள்.

கிரேன் நுழையாத சந்து என்றால் பைப் உருட்டித்தான் தள்ள வேண்டும். பைப் எல்லாம் ஒரே விட்டத்தில் இருக்கட்டும். மெஷினை மேலே பிடித்துத் தள்ளாமல் அடியில் தள்ளுங்கள். கடப்பாரையை வார்ப்பின் மூலையில் கொடுத்து நெம்பாதீர்கள். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, உடைந்துவிடும்.

காசிமேடு, எண்ணூர் உப்புக்காற்றில் துடைத்த பெட்டை ஒரு ராத்திரிகூடச் சும்மா விடக்கூடாது. கிரீஸ் தடவி மூடுங்கள்.

புது இடத்தில் வைத்ததும் போல்ட்டை முறுக்க அவசரப்படுகிறார்கள். ரசமட்டம் வைத்து, நீளவாக்கிலும் குறுக்கிலும் சரிபார்க்காமல் முறுக்கினால் பெட் முறுக்கிக்கொள்ளும், உருட்டு வேலை ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்து டேப்பராக வரும். த்ரீ ஃபேஸ் இணைப்பு மாறியிருந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். மரையில் ஏற்றும் சக்காக இருந்தால் கழன்று வந்துவிடலாம். அதனால் முதல் ஓட்டத்தைச் சக் மாட்டாமல் பாருங்கள்.