கடல் நீலம் என்று யார் சொன்னது?

கடற்கரைக் காட்சியை நீர்வண்ணத்தில் தீட்ட உட்கார்ந்ததும் கை தானாக நீலத்துக்குப் போகிறது. தவறு அங்கேயே ஆரம்பம். கடல் பெரும்பாலும் வானத்தைத்தான் திருப்பிக் காட்டுகிறது. மேகமூட்டத்தின் கீழே பளீர் நீலக் கடலைத் தீட்டினால், இரண்டு வேறு நாட்களை ஒட்டவைத்ததுபோல இருக்கும். அல்ட்ராமரைன் என்ற அடர்நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைச் சிறிது கலந்தால் நல்ல சாம்பல் கிடைக்கும். வானத்துக்கும் கடலுக்கும் அதையே கூட்டிக் குறைத்துப் பூசுங்கள். மழைக்கு முந்தைய இறுக்கம் படத்தில் வந்துவிடும். காய்ந்தபின் நிறம் வெளிறும் என்பதால் ஒரு பிடி அழுத்தமாகவே பூசலாம்.

என் பழைய படங்களில் பாதியைக் கெடுத்தது நிறமல்ல, அவசரம். வானம் பூசி முடித்ததும் ஏதோ ஒரு மேகம் உறுத்தும். தூரிகையை எடுக்கும்முன் காகிதத்தைச் சாய்த்துப் பாருங்கள். ஈரம் பளபளத்தால் இன்னும் வண்ணம் சேர்க்கலாம். பளபளப்பு மங்கியும் ஈரம் போகவில்லை என்றால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அப்போது நீர் மிகுந்த தூரிகை பட்டால், புதிய நீர் பாதி காய்ந்த நிறமியை ஓரத்துக்குத் தள்ளிச் செல்லும். மேகத்தின் நடுவே காலிஃப்ளவர் போல ஓரம் சுருண்ட ஒரு கறை பூக்கும். அதைத் தேய்க்கப் போய்க் காகிதத்தையே உரித்தவன் நான். சதுர மீட்டருக்கு 300 கிராம் (300 ஜிஎஸ்எம்) எடையுள்ள தடித்த பருத்திக் காகிதமும் அந்த முரட்டுத்தனத்தைத் தாங்காது.

தொடுவானம் சாயக் கூடாது. சாய்ந்தால் கடல் ஒரு பக்கமாக வழிந்துவிடும். அதற்காகக் கத்தியால் கீறியதுபோல முழுக்கக் கூர்மையாக விட்டாலும் காற்றே இல்லாத படமாகிவிடும். கோடு ஈரமாக இருக்கும்போதே இரண்டு மூன்று இடங்களில் சுத்தமான ஈரத் தூரிகையால் கரைத்துவிடுங்கள், பனிமூட்டம் வரும்.

நுரைக்குக் கடைசியில் வெள்ளை வண்ணம் அப்பிக்கொள்ளலாம் என்று நினைப்பது சோம்பல். காகிதத்தின் வெள்ளைக்கு இருக்கும் ஒளி அதற்கு வராது. இடத்தை முதலிலேயே விட்டுவையுங்கள். மறந்துவிட்டால், காய்ந்தபின் பிளேடு முனையால் சுரண்டலாம், புகழ்பெற்ற ஆங்கில ஓவியர் டர்னரே சுரண்டியவர்தான். வெயில் மினுங்கும் நீருக்குச் சொரசொரப்பான காகிதமும் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையும் வேண்டும். தூரிகையைப் படுக்கவைத்து ஒரே இழுப்பு. வண்ணம் மேடுகளில் மட்டும் ஒட்டி, பள்ளங்கள் வெள்ளையாக மினுங்கும். ஆசைப்பட்டு இரண்டாம் முறை இழுத்தால் பள்ளங்களும் நிரம்பி, மிஞ்சுவது ஒரு நீலப் பட்டை.