கை ஓடாதவர்கள் பால் மரம் வெட்டப் பழகும் முறை

பால் மரம் வெட்டுவதற்கு, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதற்கு, பிறவியிலேயே கை ஓட வேண்டும் என்று மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இன்றும் சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. தோட்டத்தில் பேர் போட்டு வெட்டினேன், இப்போது ஒரு சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) கெபுனில், அதாவது சிறு தோட்டத்தில், பாதிப் பங்குக்கு வெட்டுகிறேன். இடையில் பலருக்கு உளி பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நல்ல வெட்டுக்காரர் என்று பேர் எடுத்தவர்களில் பலர் ஆரம்பத்தில் மரத்தைக் குதறியவர்கள்தான்.

மந்தமான பறவை முதலில் கிளம்பிப் பறக்கும் என்று சீனத்தில் ஒரு பழமொழி இருக்கிறது. யுவான் ஆட்சிக் காலத்து நாடகத்திலேயே வரும் பழைய சொல். என் அண்ணன் மகள் உளியைக் கீழே போட்டுவிட்டு, "எனக்கு இது வராது அத்தை" என்று உட்கார்ந்திருந்தபோது தவுக்கே அவளிடம் மலாயில் இதைச் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்துப் போனது. பால் மரக்காட்டில் இதை அப்படியே கடைப்பிடிக்கலாம், கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

ஒரு காலைக்கு ஏறத்தாழ 500 மரம் வெட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை ஓடுகிறவரைவிட உங்களுக்கு ஒரு மரத்துக்குப் பத்து விநாடி கூடுதலாக ஆகிறது. பத்து விநாடிதானே என்று தோன்றும். 500 மரத்துக்கு அது 5,000 விநாடி, அதாவது ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். இரவில் மரம் தண்ணீரை இழுத்துப் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் விம்மி நிற்கும். விடியும் முன் அந்த அழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறினால் இலை வழியே நீர் போகும், அழுத்தம் குறையும், பாலும் குறையும். எல்லாரும் கிளம்பும் நேரத்துக்கே நீங்களும் கிளம்பினால் உங்கள் கடைசி மரங்கள் வெயிலில் மாட்டிக்கொள்ளும். மெதுவான கைக்கு இரட்டை நட்டம். அதனால் மற்றவர்கள் ஐந்தரைக்குப் போனால் நீங்கள் நாலேகாலுக்கு முதல் மரத்தில் நில்லுங்கள். தலைவிளக்கு நல்லதாக வாங்குங்கள், அதில் காசு பார்க்காதீர்கள். இருட்டில் தனியாகப் போகாமல் வீட்டு ஆள் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இருட்டில் மரத்தோடு நிற்பதற்கு முன்னால் மதியத்தில் கட்டையில் பழக வேண்டும். விழுந்த மரத்தின் ஒரு துண்டைக் கம்பத்தோடு நிமிர்த்திக் கட்டுங்கள். இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே இறங்கும்படி 30 பாகைச் சாய்வில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். சாய்வு ஏன் அந்தப் பக்கம் என்றால், பால் குழாய்களும் நேராக ஏறாமல் லேசாகச் சாய்ந்தே ஏறுகின்றன. இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். மேல் முனையில் தொடங்கிச் சின்னச் சின்ன இழுப்பாக உளியைக் கொண்டுவாருங்கள். கை மட்டும் போய்க் கால் நின்றுவிடுவதால்தான் பாதிப் பேருக்கு வெட்டு கோணலாகிறது. உளியோடு காலும் மரத்தைச் சுற்றி நகர வேண்டும்.

கீழே விழும் சீவல்களைப் பொறுக்கிப் பாருங்கள். எல்லாம் ஒரே தடிமனில், ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் இருக்கிறதா? ஒன்று மெல்லிசாகவும் அடுத்தது தடியாகவும் இருந்தால் இன்னும் கட்டையிலேயே இருங்கள். அண்ணன் மகள் தினமும் சீவல்களை வரிசையாக அடுக்கிப் பார்ப்பாள். அவள் தம்பிக்குக் கை தானாகவே வந்தது, அழகாக வெட்டினான். ஆனால் உளி தீட்ட மாட்டான். மொட்டை உளியை அழுத்திப் பிடித்தால் எவ்வளவு நல்ல கையும் ஆழமாகப் போய்விடும். கெபுனில் அவன் வெட்டிய மரங்களில் இன்றும் முடிச்சு முடிச்சாக இருக்கிறது.

ஆழத்தைப் பற்றி நான் விடாமல் பேசுவேன். பால் குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில்தான் அதிகம். அதற்கும் உள்ளே, மரக்கட்டையை ஒட்டி, புதுப் பட்டையை வளர்க்கும் மெல்லிய அடுக்கு இருக்கிறது. அதைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நிற்க வேண்டும். தொட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், பல வருடம் கழித்து அங்கே மறுபடி வெட்ட வரும்போது உளி ஓடாது. பிரேசிலில் முன்பு மரத்தைக் கோடாலியால் கொத்திப் பால் எடுத்தார்கள். அதே வெட்டைத் திரும்பத் திரும்ப மெல்லச் சீவினால் மரமும் பிழைக்கும், பாலும் கூடும் என்று 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவிலிருந்த ரிட்லி காட்டினார். பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. நேரம் கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

கெபுனுக்குள் போனதும் செய்ய வேண்டியது எளிது: பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை இழுத்துப் பையில் போடுங்கள், வெட்டுங்கள், பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வையுங்கள், அடுத்த மரம். முதலில் 50 மரம் போதும். அந்த 50இலும் காயம் இல்லாத நாள் தொடர்ந்து வந்த பிறகு இன்னும் 50 சேர்த்துக்கொள்ளுங்கள். வேகத்தை நீங்கள் தேடிப் போக வேண்டாம்.

மாதக் கடைசியில் அளவுகோலை எடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டினால் மாதம் 15 வெட்டு. ஒன்றரை மில்லிமீட்டர் வீதம் இரண்டேகால் சென்டிமீட்டர் பட்டை போயிருக்க வேண்டும். நான்கு சென்டிமீட்டர் போயிருந்தால் சீவல் தடியாகிவிட்டது என்று அர்த்தம். பால் அதிகம் வருமென்று நினைத்து இடைநாளிலும் வெட்டாதீர்கள். ஓய்வு இல்லாமல் வெட்டிய மரம் பட்டை வறண்டு பாலையே நிறுத்திவிடும்.

மழை பெய்து பட்டை ஈரமாக இருக்கும் காலையிலும் உளி வைக்கக் கூடாது. பால் வெட்டுக் கோட்டில் நிற்காமல் வழிந்து தரையில்தான் போகும். அன்றைக்கு உளியைத் தீட்டுங்கள், அப்புறம் கட்டைக்குப் போய் 30 பாகையில் புதுக் கோடு போடுங்கள்.